பதிலை மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா?

பதில் கடிதம் எழுதும்போது பதிலை மேலே எழுத வேண்டுமா, கீழே எழுத வேண்டுமா?

"இது ஒரு கேள்வியா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்காகப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிபுணர்கள் முப்பது ஆண்டுகளாகச் சண்டை போட்டு வருகிறார்கள்! எல்லோரும் படித்தவர்கள். உலகம் முழுவதும் ஓடும் எந்திரங்களுக்கு மூளை கொடுத்தவர்கள். அவர்கள்தான் "நீ பதிலை மேலே எழுதி விட்டாய்", "உன் வரி நீளமாக இருக்கிறது", "உன் கடிதத்தில் வர்ணம் எதற்கு?" என்று ஒருவரை ஒருவர் கடிந்துகொள்கிறார்கள். கோர்ட்டுக்குத்தான் போகவில்லை!

கேட்டால் சிரிப்பு வரும். உள்ளே புகுந்து பார்த்தால் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பது தெரியும். அநியாயம் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது.

கடிதத்தால் கட்டிய கோட்டை

1991-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி. பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வாலிபர், கம்ப்யூட்டர் வழியாக ஒரு பொதுக் கடிதம் எழுதினார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். வயது 21. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படைப் புரோகிராம் ஒன்றைப் பொழுதுபோக்காக எழுதி வருவதாக அதில் அவர் தெரிவித்திருந்தார்.

அந்தப் பொழுதுபோக்குதான் இன்று "லினக்ஸ்" என்று பெயர் பெற்று விளங்குகிறது. ஆண்ட்ராய்டு செல்போன் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் உள்ளே இருப்பது லினக்ஸ்தான். உலகத்தில் அதிவேகமான 500 கம்ப்யூட்டர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் முதல் அந்த ஐந்நூறும் லினக்ஸில்தான் ஓடுகின்றன!

இவ்வளவு பெரிய கோட்டையை ஒரே கம்பெனி கட்டவில்லை. பல நாடுகளில், பல ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து கட்டுகிறார்கள். பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. பிறகு எப்படிக் கட்டுகிறார்கள்?

கடிதம் எழுதித்தான் கட்டுகிறார்கள்!

ஈமெயில் என்னும் மின்னஞ்சலில் ஒரு பொது முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போட்டால், குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் அதன் நகல் போய்ச் சேரும். ஊர் நடுவில் நின்று பேசுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேசினால் ஊரே கேட்கும்.

லினக்ஸில் ஒரு குறை கண்டவர், அதைத் திருத்தும் வரிகளை எழுதி இந்த முகவரிக்கு அனுப்புவார். விஷயம் தெரிந்த பெரியவர்கள் படித்துப் பார்ப்பார்கள். "இந்த வரி சரி, அந்த வரி தப்பு" என்று பதில் எழுதுவார்கள். எல்லாம் சரியான பிறகு அந்தத் திருத்தம் லினக்ஸில் சேரும். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு முறை லினக்ஸின் புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் சேருகின்றன. கடிதப் போக்குவரத்து எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஓர் இடைவெளி கெட்டால் போச்சு!

இப்படி அனுப்பும் திருத்தத்துக்கு "பேட்ச்" என்று பெயர். பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிறோம் அல்லவா, அதே ஒட்டுதான். எந்த வரியை எடுக்க வேண்டும், எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அடையாளத்துக்காக மேலும் கீழும் உள்ள சில வரிகளையும் சேர்த்து எழுதுவார்கள்.

இந்த ஒட்டைப் போடுவது மனிதர் அல்ல. அதற்கென்று 1985-ம் ஆண்டிலேயே லாரி வால் என்ற அமெரிக்கர் ஒரு சிறு புரோகிராம் எழுதினார். பிறகு 2005-ம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் "கிட்" என்ற கருவியை உண்டாக்கினார். மனிதர் என்றால், "கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?" என்று விட்டுக்கொடுப்பார். எந்திரம் விடுமா?

லினக்ஸில் வரியின் தொடக்கத்தில் இடம் விடுவதற்கு "டேப்" என்ற விசையை அழுத்துகிறார்கள். அது ஒரே குறிதான். ஆனால் திரையில் எட்டு எழுத்து அகலத்துக்கு வெற்றிடமாகத் தெரியும். சில மின்னஞ்சல் புரோகிராம்கள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்த ஒரு குறியை எடுத்துவிட்டு, எட்டு இடைவெளிகளைப் போட்டு விடுகின்றன. நம் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எந்திரமோ, "நான் தேடிய வரி இது அல்ல" என்று ஒட்டை ஒதுக்கித் தள்ளிவிடும். நீளமான வரியை நடுவில் மடித்துப் போட்டாலும் இதே கதிதான்.

லட்சக்கணக்கானோர் உபயோகிக்கும் ஜிமெயிலின் வலைப்பக்கம்கூட இந்த வேலைக்கு ஆகாது என்று லினக்ஸின் வழிகாட்டிக் குறிப்பே சொல்கிறது. வர்ண எழுத்து, தடித்த எழுத்து, படம் எல்லாம் வைத்து எழுதுகிற "எச்.டி.எம்.எல்." கடிதங்களை லினக்ஸ் குழுவின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்வதே இல்லை. வெறும் எழுத்தில் எழுதினால்தான் உள்ளே விடும்.

ஆகவே, ஒட்டு அனுப்பும் கடிதத்தில் கண்டிப்பு வேண்டியதுதான். அதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. சண்டை நடப்பது பேச்சுக் கடிதங்களில்.

ஈட்டி முனைக் கடிதம்

மின்னஞ்சலில் பதில் எழுதும்போது, வந்த கடிதத்தின் வாசகமும் பதிலோடு ஒட்டிக்கொண்டு வரும். பழைய வரி எது, புதிய வரி எது என்று தெரிய வேண்டாமா? அதற்காகப் பழைய வரியின் முன்னால் ஈட்டி முனை போல ஒரு குறி போடுவார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி, ஒவ்வொரு கேள்விக்கும் அடியிலேயே பதிலை எழுதுவார்கள். இப்படி:

> சனிக்கிழமை வருகிறீர்களா?
வருகிறேன்.
> ராத்திரி சாப்பாடு வேண்டுமா?
வேண்டாம். ரயிலில் பார்த்துக்கொள்கிறேன்.
> குழந்தைகளும் உண்டா?
பெரியவன் மட்டும்.

படிக்கும்போதே விஷயம் புரிகிறது. இப்போது மேலே எழுதுகிறவரின் பதிலைப் பாருங்கள்: "வருகிறேன். வேண்டாம், ரயிலில் பார்த்துக்கொள்கிறேன். பெரியவன் மட்டும்." கேள்விகள் எல்லாம் கீழே எங்கோ கிடக்கும். எது வேண்டாம்? யார் பெரியவன்? படிப்பவர் கீழே போய்ப் பார்த்து விட்டு மறுபடி மேலே வர வேண்டும். பத்துப் பேர் மாறி மாறி எழுதிய கடிதமானால், கதையை முடிவிலிருந்து தலைகீழாகப் படிப்பது போல ஆகிவிடும்.

இதனால்தான் பழைய கைகளுக்கு மேலே எழுதினால் கோபம் வருகிறது. அவர்கள் சொல்லும் கணக்கும் நியாயமானது. மூவாயிரம் பேர் உள்ள ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். எழுதுகிறவர் சோம்பல் பட்டதால் ஒவ்வொருவருக்கும் இருபது விநாடி வீணாகிறது. மொத்தம் அறுபதாயிரம் விநாடி. அதாவது ஆயிரம் நிமிடம். பதினாறு மணி நேரத்துக்கு மேல்! ஒருவர் இரண்டு நிமிடம் செலவு செய்து கடிதத்தைச் சீராக எழுதினால் இவ்வளவும் மிச்சம்.

கார்டில் பிறந்த விதி

வரியின் நீளத்துக்கு ஒரு தனிக்கதை உண்டு.

1928-ம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி, துளை போட்டுக் கணக்கு வைக்கும் அட்டை ஒன்றைக் கொண்டு வந்தது. அதில் 80 பத்திகள். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. பின்னால் கம்ப்யூட்டர் திரை வந்தபோது, அதிலும் ஒரு வரிக்கு 80 எழுத்து என்பது பரவலான அளவாயிற்று. 1978-ல் வந்து புகழ் பெற்ற "வி.டி. 100" என்ற திரையிலும் அதே 80-தான்.

கடிதத்தின் வரி 80-க்குள் இருந்தால் போதாது. ஒவ்வொரு முறை பதில் போகும்போதும் முன்னால் ஓர் ஈட்டி முனை கூடுமே, அதற்கும் இடம் வேண்டும். ஆகவே 72 எழுத்தோடு நிறுத்து என்றார்கள். 1995-ம் ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் பொறியாளர்கள் வெளியிட்ட நன்னடத்தைக் குறிப்பு இன்னும் கறார்: 65-க்குள் இருக்கட்டும் என்றது. அந்தக் குறிப்புக்கு எண் 1855. அது ஆண்டு அல்ல, வெறும் வரிசை எண்! இன்டெல் கம்பெனியில் பணியாற்றிய சாலி ஹாம்பிரிட்ஜ் என்ற பெண்மணிதான் அதை எழுதியவர்.

அட்டை போயிற்று. அந்தத் திரையும் போயிற்று. விதி மட்டும் நிற்கிறது. 72 எழுத்தில் வெட்டிய கடிதத்தை இன்று செல்போனில் திறந்தால் என்ன ஆகிறது தெரியுமா? ஒரு வரி முழு வரியாக வரும். அடுத்தது அரை வரியாக நிற்கும். மறுபடி முழு வரி, மறுபடி அரை வரி! எலி கடித்த ஓலை போலக் காட்சி தரும். படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று போட்ட விதி, படிக்கச் சிரமம் கொடுக்கிறது.

டோர்வால்ட்ஸே இதை உணர்ந்தவர்தான். கடிதத்துக்கு அல்ல, புரோகிராம் வரிகளுக்கு இருந்த 80 எழுத்துக் கட்டுப்பாட்டைப் பற்றி 2020-ம் ஆண்டு மே மாதம் விவாதம் வந்தது. இந்தக் காலத்தில் 80 என்று பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தம் இல்லை என்று அவர் வாதாடினார். அதைத் தொடர்ந்து, வரி நீண்டால் எச்சரிக்கிற கருவியில் எல்லை 100 ஆக உயர்ந்தது. காரணம் போனால் விதியும் தளரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மேலே எழுதுகிறவர் கட்சி

மேலே எழுதுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா? அப்படிச் சொல்ல முடியாது.

1997-ல் வந்த மைக்ரோசாப்டின் "அவுட்லுக்" ஆபீசுகளில் பரவியது. அதில் பதில் எழுதப் போனால், எழுதும் இடம் மேலேதான் திறக்கும். ஆபீசில் அது வசதியும்கூட. இடையில் புதிதாக ஓர் அதிகாரியைக் கடிதத்தில் சேர்த்தால், கீழே உள்ள பழைய கடிதங்கள் அவருக்கு ஒரு பைல் போலப் பயன்படும். பழைய வரிகளை வெட்டினால்தான் அங்கே தப்பு! இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் லினக்ஸ் குழுவுக்கு வந்தால் அங்கே அவர் குற்றவாளி ஆகிறார். அவர் ஒரு பாவமும் அறியாதவர்.

இன்னொரு கட்சிக்காரரையும் கேட்க வேண்டும். கண் பார்வை இல்லாதவர்கள் பலர் கம்ப்யூட்டர் துறையில் வேலை செய்கிறார்கள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஒரு புரோகிராம் அவர்களுக்குத் துணை. பதில் கீழே இருந்தால், பழைய கடிதம் முழுவதையும் அவர்கள் மறுபடி கேட்டாக வேண்டும். போதாக்குறைக்கு, வரிக்கு வரி "கிரேட்டர் தேன், கிரேட்டர் தேன்" என்று அந்த ஈட்டி முனையையும் படித்து வைக்கலாம்! "பதிலை மேலே எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்" என்று அவர்களில் பலர் கேட்கிறார்கள். இது சோம்பலா?

உண்மையில், மேலா கீழா என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் வெட்டு. வந்த கடிதத்தில் பதிலுக்கு வேண்டிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வெட்டி எறிய வேண்டும். இருநூறு வரிப் பழைய கடிதத்தை அப்படியே வைத்து, அடியில் "நன்றி" என்று ஒரு சொல் எழுதுகிறவர் விதிப்படி கீழேதான் எழுதியிருக்கிறார். அவரால் யாருக்கு என்ன லாபம்? லினக்ஸின் வழிகாட்டிக் குறிப்பு வெட்டச் சொல்கிறது; வெட்டிய பிறகு, கேள்விக்குக் கேள்வி இடையிலே பதில் எழுதச் சொல்கிறது. சண்டை போடுகிறவர்கள் இதில் பாதியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

முடியாத செப்டம்பர்

ஒரு காலத்தில் புதியவர்களைப் பழக்குவது சுலபமாக இருந்தது.

1980-ல் தொடங்கிய "யூஸ்நெட்" என்ற பொது மடல் அரங்கில் பெரும்பாலும் கல்லூரிக்காரர்களே எழுதினார்கள். அமெரிக்காவில் செப்டம்பரில் கல்லூரி திறந்ததும் புது மாணவர்கள் வந்து குவிவார்கள். கண்டபடி எழுதுவார்கள். பழையவர்கள் எடுத்துச் சொல்வார்கள். சில வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும். மறுபடி அடுத்த செப்டம்பரில்தான் தொல்லை!

1993 செப்டம்பரோடு இந்த வழக்கம் முறிந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த சாதாரண மக்களுக்கு யூஸ்நெட்டின் கதவு திறந்தது. 1994-ல் "அமெரிக்கா ஆன்லைன்" கம்பெனியின் சந்தாதாரர்களும் வந்து சேர்ந்தார்கள். வருடம் முழுவதும் புது ஆட்கள்! அந்த செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று பழையவர்கள் வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த காலம் அப்போதே குறைந்தது. திட்டு பெருகியது.

திட்டும் ஒரு கடிதம்தான்!

இங்கேதான் அநியாயம் இருக்கிறது.

வெளியூர் மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் உழைத்து, ஒரு குறையைக் கண்டுபிடித்து, பயந்து பயந்து குழுவுக்கு எழுதுகிறாள். அந்தக் குறையைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. "பதிலை மேலே எழுதாதே", "விதியைப் படித்து விட்டு வா" என்று நாலு பேரிடமிருந்து நாலு கடிதம் வருகிறது. பிறகு அந்த நாலு பேரும் தங்களுக்குள் விவாதம் செய்ய ஆரம்பிக்கிறார்கள். அவள் மறுநாள் எழுதுவாளா?

அந்தப் பதினாறு மணி நேரக் கணக்கை இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். திட்டுக் கடிதமும் அதே மூவாயிரம் பேருக்குப் போகிறது! அதையும் அத்தனை பேரும் திறக்கிறார்கள். அதற்குப் பதில் வருகிறது, பதிலுக்குப் பதில் வருகிறது. மாணவியின் தப்பால் வீணானது இருபது விநாடி. திருத்த வந்தவர்களால் வீணாவது எத்தனை விநாடி? ஊரார் நேரத்துக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் போடுவதே இல்லை.

திருத்துவது தப்பு அல்ல. அதை அவளுக்குத் தனியாக எழுதலாமே! "உங்கள் திருத்தம் நன்றாக இருக்கிறது. இந்தக் குழுவில் பதிலைக் கேள்வியின் கீழே எழுதுவது வழக்கம், இன்ன காரணம்" என்று இரண்டு வரி போதும். காரணத்தையும் சொன்னால் யாருக்கும் மனம் நோகாது.

65 எழுத்து என்று கறாராகச் சொன்ன அதே 1855-ம் எண் குறிப்பு, இதையும் சொல்லியிருக்கிறது. ஒருவரோடு கருத்து வேற்றுமை வந்தால், குழுவை இழுக்காமல் இருவரும் தனிக் கடிதத்தில் பேசித் தீர்க்கச் சொல்கிறது. அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்றும் சொல்கிறது. இந்தத் தத்துவம் 1980-ம் ஆண்டு ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி கம்ப்யூட்டர்களுக்காக வகுத்தது! ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் செய்தி ஒழுங்காக இருக்க வேண்டும். வருகிற செய்தியில் சிறு பிசகு இருந்தால் பொறுத்துக்கொண்டு புரிந்துகொள்ள வேண்டும். எந்திரத்துக்கு எழுதிய விதியை ஹாம்பிரிட்ஜ் அம்மையார் மனிதருக்கும் எழுதி வைத்தார். எந்திரங்கள் அதன்படி நடந்துதான் இன்டர்நெட் வளர்ந்தது.

லினக்ஸ் உலகத்திலும் மாறுதல் வராமல் இல்லை. கடுமையான கடிதங்களுக்குப் பேர் போனவர் டோர்வால்ட்ஸ். 2018-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கியிருந்து, பிறகு திரும்பி வந்தார். அவர் திட்டியது வேலையில் கண்ட தவறுகளுக்காக. அதற்கே மன்னிப்பு என்றால், கடிதத்தின் மேல் கீழ் பார்த்துத் திட்டுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

2020 ஆகஸ்டில் இன்னொரு சர்ச்சை கிளம்பியது. மைக்ரோசாப்டில் வேலை பார்த்த சாரா நோவாட்னி என்ற பெண்மணி, லினக்ஸ் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். வெறும் எழுத்துக் கடிதமே புதியவர்களுக்கு ஒரு தடை என்று அவர் சொன்னார். "ஒரு கடிதம் அனுப்பத் தெரியாதவர் லினக்ஸில் என்ன திருத்துவார்?" என்பது பழையவர்கள் கட்சி. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவரை, இலை போடத் தெரியவில்லை என்று சமையலறைக்குள் விடாமல் இருப்பார்களா?

இந்தச் சச்சரவுக்கு நடுவே, சிலர் பேசாமல் வேலையைப் பார்த்தார்கள். கிட் கருவியை வளர்க்கிறவர்களும் ஒட்டுகளைக் கடிதத்தில்தான் அனுப்புகிறார்கள். அங்கே 2018-ல் "கிட்கிட்கேஜெட்" என்று ஒன்று வந்தது. வலைப்பக்கத்தில் திருத்தத்தைக் கொடுத்தால் போதும். டேப் கெடாமல், வரி மடியாமல், விதிப்படி கடிதமாக்கி அதுவே குழுவுக்கு அனுப்பிவிடும். லினக்ஸுக்கு "பி-4" என்ற கருவியில் இதே போன்ற வசதி பின்னர் வந்தது. கருவி இல்லாதவருக்கு லினக்ஸ் குறிப்பு ஒரு பழைய யோசனை சொல்கிறது: ஒட்டை முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள், வந்த கடிதத்தை எடுத்து ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் ஊருக்கு அனுப்புங்கள்.

பதிலை மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா என்பதற்குத்தான் இன்னும் கருவி வரவில்லை. அந்த வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது.